விடுபட்ட ஏழு பேர்

பெரிய பத்திரிகையின் முதல் பக்கத்தில் ‘குளிர்பதனக் கிடங்கில் வாயுக்கசிவு, நால்வர் பலி’ என்று செய்தி வந்த காலையில், மீதி ஏழு பேரும் பிணவறையிலிருந்து எழுந்து வேலைக்குப் போனார்கள். பத்திரிகை ஐந்து மணிக்கு வீடுகளில் விழுந்தது. அவர்கள் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர்கூடத் தாமதமாகப் போகவில்லை. பிணவறை ஊழியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் அவரே தன் கையால் பதினொரு பெயர் எழுதியிருந்தார். இப்போது அதில் நான்குதான் இருந்தன. பதிவேட்டில் இல்லாதவர்களை மேசையில் கிடத்தி வைக்க விதியில் இடமில்லை என்பதால், அவர்கள் எழுந்து போனதை அவர் தடுக்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவரான கிடங்குக் காவல்காரர் மட்டும் வாசலில் நின்று தன் செருப்பு எங்கே என்று கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

கிடங்கு என்பது மீனையும் இறாலையும் சுத்தம் செய்து, பெட்டியில் அடுக்கி, உறையவைத்து வெளியூருக்கு அனுப்புகிற இடம். உறையவைக்கும் இயந்திரங்களில் அம்மோனியா ஓடுகிறது. ஒரு பழைய வால்வு பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வெடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். பின்பக்கம் இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள், அது திறக்கவில்லை. உறைபனி இறுகிக் கதவு ஒட்டிக்கொண்டது என்று கம்பெனி சொன்னது. கிடங்கும் பெரிய பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம்; ஒரே கையின் மூன்று விரல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விபத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ இறந்தால் விசாரணைக் குழு அமைக்க வேண்டும் என்பது சட்டம். நான்கு பேர் என்றால் ஓர் அதிகாரி வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் போதும். அதனால் நான்கு.

பதினொன்று என்று எண்ணியவள் பெரிய பத்திரிகையிலேயே ஒன்பது வருடமாக நிருபராக இருந்தாள். ஆஸ்பத்திரி, காவல் நிலையம் இரண்டும் அவள் பொறுப்பு. யார் எந்த எண்ணிக்கை சொன்னாலும் நம்பாமல் தானே ஒருமுறை எண்ணிப் பார்ப்பாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘எண்ணுகாரி’ என்று பெயர் விழுந்து, பிறகு ஊரிலும் அதுவே நிலைத்துவிட்டது. அன்று மாலை பிணவறைக்குப் போனபோது எல்லாரையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஆஸ்பத்திரித் துணி எப்போதும் ஒரு சாண் குட்டை. முகத்தை மூடினால் கால் தெரியும். அவள் கால்களை எண்ணினாள். இருபத்திரண்டு. ஏழாவது மேசையில் இருந்த இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கம்ப்ரசர் மூடி விழுந்து நசுங்கிய விரல் அது. தினமும் மருந்து வைத்துத் துணி சுற்றிவிட்டவள் அவள்தான். முகத்தை மூடியிருந்த துணியை அவள் விலக்கவில்லை. நோட்டுப்புத்தகத்தில் பதினொன்று என்று எழுதி, அலுவலகத்துக்கு வந்து, செய்தியை அடித்து, எழுத்துப்பிழை இல்லாமல் சரிபார்த்துக் கொடுத்தாள். பிறகுதான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

காலையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஆசிரியரின் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் வரவழைத்தார். “நீ எண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. பதினொண்ணுதான்,” என்றார். “ஆனா நாம போட்டது நாலு. போட்டதுக்கு மேல இனிமே யாரும் சாக முடியாது.” அந்தப் பதினொன்றில் ஒருவன் தன் புருஷன் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையே காரணமாக்கி, துக்கத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது என்பார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெளியே போய் என்ன செய்யப்போகிறாய், கையில் பேனா இருந்தால் அது பத்திரிகை ஆகிவிடுமா என்று அவர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று மாலை ஆறரை மணிக்கு அவள் புருஷன் வழக்கம்போல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். கிடங்கில் கம்ப்ரசர் மெக்கானிக். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் வந்ததா என்று கேட்டான். வீட்டில் அவனுடைய அக்காவும் இருந்தார். ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்பவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவர். நாத்தனாருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கிடங்கில் விபத்து என்று கேள்விப்பட்டுப் பயந்து, பத்திரிகையில் நான்கு பெயரில் தம்பி பெயர் இல்லை என்று பார்த்து நிம்மதியாகி, முந்தின நாள் வீட்டுக்கு வராததற்கு அவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே அவன் கையைப் பிடித்தவர் நிறுத்திக்கொண்டார். கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவன் உட்கார்ந்த நாற்காலியில் வெள்ளையாகப் பனி பூத்தது. அறை முழுக்க அம்மோனியா நெடி ஏறி, மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் எண்ணுகாரியைப் பார்த்தார். எண்ணுகாரி தலையை அசைத்தாள். அதற்குப் பிறகு பல மாதம் அந்த வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நாத்தனார் இன்னொரு கம்பளியை எடுத்து வந்து தம்பியின் தோளில் போட்டார். இவள் தனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். வந்தவர்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பேசினால் சின்னச் சின்ன விஷயங்களைப் பேசினார்கள்: கொடியில் துணி காய்ந்ததா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்தாரா. அன்று நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் அவர்களுக்குக் காது கேட்காமல் போனது. கம்பெனிக்கு இது வசதியாக இருந்தது. லீவு கேட்காத, குளிருக்குக் கையுறை கேட்காத, பசிக்காத ஏழு பேர். முதல் வாரம் மேற்பார்வையாளர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், இரண்டாவது வாரத்தில் பழகிப்போனது. விபத்துக்கு மறுநாளே வேலைக்குத் திரும்பிய உழைப்பாளிகள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். கேமராக் கண்ணாடியில் பனி படிந்ததால் படம் மட்டும் மங்கலாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஆனால் பூசணிக்காயே எழுந்து நடந்து வேலைக்கு வந்துவிட்டால் மறைக்க என்ன இருக்கிறது? அவர்கள் இறந்தது நாற்பது பேருக்குத் தெரியும். இறக்கவில்லை என்று நான்கு லட்சம் பேருக்குச் செய்தி போயிருந்தது.

பதினைந்தாவது நாள் ஓர் அம்மாள் எண்ணுகாரியைத் தேடி வந்தார். இறால் உரிக்கிற அக்கா தங்கை இருவரின் தாயார். பெரியவளுக்கு இருபத்து நான்கு வயது, சின்னவளுக்குப் பத்தொன்பது. வாசலிலேயே நின்று சொன்னார். “ரெண்டும் வீட்டுலதான் இருக்கு. விடிய விடிய சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கு. பெத்தவ நான், எனக்கு அழக்கூட முடியலை. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்து எப்படிம்மா அழறது? நீதானே எண்ணின. எழுதிக் குடு.” எண்ணுகாரி தன்னிடம் பத்திரிகை எதுவும் இல்லையே என்றாள். காகிதம் இருக்கில்ல என்றார் அந்த அம்மாள்.

அவள் நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். யார் கேட்டாலும் காது கேட்காதவர்களுக்கு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபோது காது கேட்டது. இதை அவள் அன்றுதான் கண்டுகொண்டாள். பெரியவள் விபத்தன்று எத்தனை கிலோ உரித்தாள் என்பதிலிருந்து தொடங்கினாள். சின்னவள் யாரைப் பற்றியோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் நெடி வந்தது. சிரிப்பு நிற்கவில்லை, அதனால் மூச்சை நிறைய இழுத்துவிட்டாள். பின்கதவு திறக்கவில்லை. பெரியவள் தங்கையின் முகத்தைத் தன் ஈர ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள். எண்ணுகாரி எழுதிக்கொண்டு வந்து நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் தட்டச்சு செய்தார். அழைப்பிதழும் ரசீதுப் புத்தகமும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் இருநூறு பிரதி அடித்தார்கள். அச்சகக்காரருக்கு அரைப்புள்ளி என்று பட்டப்பெயர்; எந்த வாக்கியத்தையும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை அரைமணி கழித்தோ மறுநாளோதான் சொல்வார். ஒரே தாள், இரண்டு பக்கம். தலைப்பில் ‘விடுபட்டது’ என்று போட்டாள். முதல் வரியில் பதினொரு பேர் இறந்தார்கள் என்றும், அதில் ஆறு பேர் விவரம் இதோ என்றும் இருந்தது. பெரிய பத்திரிகை எழுதிய நான்கு பேர், இவர்கள் இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை காலை தாள் வெளியே போயிற்று. கைமாறிக் கைமாறி ஊர் படித்து முடிக்கப் பத்து மணி ஆனது. பத்து மணிக்கு அக்காவும் தங்கையும் கத்தியைக் கீழே வைத்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிணவறையில் ஐந்தாவது, ஆறாவது மேசைகளில் இருந்தார்கள். பதிவேட்டில் ஆறு பெயர் இருந்தது. ஊழியர் தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடல்களைக் கொடுத்தார். அந்த அம்மாள் குரல் போகும்வரை அழுதார். மூன்று நாள் கழித்து, நன்றாகத் தூங்கினேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு மூட்டை தூக்குகிறவர், தரை கழுவுகிற பெண், லாரி ஓட்டுநர் என்று வாரத்துக்கு ஒருவராக வந்தார்கள். அரைப்புள்ளி தன் அச்சகத்துக்கு மேலே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். கம்பெனி சும்மா இருக்கவில்லை. அச்சகத்தின் மின்சாரம் காரணம் இல்லாமல் நின்றது. தொலைக்காட்சியில் வதந்தி பரப்புவோர் என்று அரைமணி நிகழ்ச்சி வந்தது. அந்த அரைமணியைப் பார்த்துத்தான் பாதி ஊருக்கு இப்படி ஒரு தாள் வருவது தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருநூறு பிரதி மூவாயிரம் ஆனது. மின்சாரம் இல்லாத நாட்களில் வாசகர்கள் வந்து முறை போட்டு இயந்திரத்தைக் கையால் சுற்றினார்கள்.

அவள் ஒரு விதி வைத்திருந்தாள். வீட்டார் சம்மதம் சொல்லாமல் யாரைப் பற்றியும் எழுத மாட்டாள். எழுதினால் போய்விடுவார்கள் என்று தெரிந்தபின் வேறு எப்படி இருக்க முடியும்? காவல்காரரின் மனைவி நான்கு மாதம் சம்மதிக்கவில்லை. “உயிரோட இருந்தப்ப ஒரு நாள் சாயங்காலம் வீட்டுல உட்கார்ந்ததில்லை அந்த மனுஷன்,” என்றார். “இப்பதான் உட்கார்றாரு. நான் பேசறதைக் கேக்குறாரு. கொஞ்ச நாள் இருக்கட்டுமே.” நான்கு மாதம் கழித்துக் கம்பெனி காவல்காரரைப் பகல் ஷிப்டோடு ராத்திரி ஷிப்டுக்கும் போட்டது. வீட்டுக்கு அவர் வருவது நின்றுபோனது. மனைவி நேராக அச்சக மாடிக்கு ஏறி வந்து, எழுதிடும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

காவல்காரரோடு பத்து ஆனது. பதினொன்றாவது ஆள் யார் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. ‘பதினொன்றாவது நபரின் வீட்டார் சம்மதம் கிடைக்கவில்லை’ என்று ஒரு வாரம் போட்டாள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே வரியைப் போட்டாள். அதில் பொய் இல்லை. வீட்டில் அவளும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து அவனுடைய மௌனத்துக்கு நடுவில் சாப்பிட்டார்கள். ஒருநாள் அவள் பேச்சை எடுத்தாள். “என் தம்பி இதோ இருக்கான். என் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கான்,” என்றார் நாத்தனார். “யாருக்கு என்ன குறை?” அவள் உள்ளுக்குள் அந்தப் பதிலுக்கு நன்றி சொன்னாள். மறுப்பது நாத்தனார்தான், தான் இல்லை என்று வைத்துக்கொள்ள அது உதவியது. அவன் சில நாள் இவள் தலை வாரும்போது கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பான். கண்ணாடி பனி பூத்து இருவரும் தெரியாமல் போவார்கள். அவள் அதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுவாள்.

ஊரில் பேச்சு மாறத் தொடங்கியது. பெரிய பத்திரிகை ஏழை விட்டது, இந்தத் தாள் ஒன்றை விடுகிறது, ஏழுக்கும் ஒன்றுக்கும் அளவுதானே வித்தியாசம் என்று ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவள் அதைப் பிரசுரித்தாள், பதில் எழுதவில்லை. இரண்டு பெண்களைப் பறிகொடுத்த தாயார் ஒரு மத்தியானம் மாடிக்கு வந்தார். வெயில் அப்போது கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் எண்ணுகாரியின் ஸ்வெட்டரைப் பார்த்தார். அதிலிருந்து வந்த நெடி அவருக்குத் தெரியாத நெடி இல்லை.

“உன் வீடா?” என்று கேட்டார்.

அவள் ஆமாம் என்றாள்.

அந்த அம்மாள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தேய்த்துச் சூடாக்கினார். கிளம்பும்போது, “நான் உன்னை அவசரப்படுத்த மாட்டேன்மா. எனக்குத் தெரியும் அது என்னன்னு,” என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “ஆனா நாலுன்னு எழுதினவனுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்ல?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நோட்டுப்புத்தகத்தை எடுத்து வந்து புருஷன் எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். நாத்தனார் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் பெயரைக் கேட்டாள். என் பேரு உனக்குத் தெரியாதா என்றான் அவன், கொஞ்சம் சிரித்தபடி. நீங்கதான் சொல்லணும் என்றாள். சொன்னான். வயது, தொழில், எத்தனை வருடம் எல்லாம் சொன்னான். வால்வு கசிகிறது என்று கிடங்கின் பதிவுப் புத்தகத்தில் மூன்று முறை எழுதி வைத்ததையும், எந்தெந்தத் தேதி என்பதையும் சொன்னான். இரண்டு பெட்டி இறால் காணாமல் போனதால் மேலாளர் பின்கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போடச் சொன்னார். உள்ளே ஒரு சாவியாவது இருக்கட்டும் என்று இவன் கேட்டான். சரக்கு போனால் நீ கொடுப்பாயா என்றார் மேலாளர். கதவில் உறைபனி எதுவும் இல்லை. ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னால் பூட்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் இவனுக்கு முன் அவளிடம் பேசிய ஆறு பேருக்கும் தெரியாது. கதவு திறக்கவில்லை என்பது மட்டுந்தான் அவர்களுக்குத் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

“நான் உள்ள இல்லையே,” என்றான். “மெஷின் ரூம்ல இருந்தேன். அது வெளிய.”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். இத்தனை மாதமாக அவன் உள்ளே சிக்கிக்கொண்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். அவன் சத்தம் கேட்டதும் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடியிருக்கிறான். கையில் இருந்த ஸ்பானரால் பூட்டை அடித்திருக்கிறான். பத்தொன்பது அடி வரை எண்ணினானாம். கதவின் கீழ் இடுக்கு வழியாகப் புகை மாதிரி வெள்ளையாக வந்திருக்கிறது.

“நீங்க ஓடியிருக்கலாமே,” என்றாள். அது நிருபர் கேட்கிற கேள்வி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

“ஓடலாம்னுதான் திரும்பினேன்,” என்றான் அவன். “உள்ள யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க.”

அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள். பிறகு அவன், வெடித்த அதே வால்வைத்தான் ஒட்டுப்போட்டு மாட்டியிருக்கிறார்கள், அது இப்போதும் வியர்க்கிறது என்று சொன்னான். நான் துடைச்சுத் துடைச்சு வைக்கிறேன், நான் துடைக்கிறதுனால மாத்த வேண்டாம்னு விட்டுட்டாங்க என்றான். புதிதாக முப்பது பேரை எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். பின்கதவுக்குப் புதுப் பூட்டு, பழையதைவிடப் பெரியது. அவள் அத்தனையையும் எழுதிக்கொண்டாள். கடைசியாக, எழுதிடவா என்று கேட்டாள். அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். “நீ எழுதலைன்னா நாளைக்கும் நான் போகணும்,” என்றான். “களைப்பா இருக்கு.”

நாத்தனார் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றார். வாசி என்றார். அவள் முதலிலிருந்து வாசித்தாள். பத்தொன்பது அடி என்ற இடத்தில் நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, வயசு தப்பு, முப்பத்தாறு இல்லை, முப்பத்தஞ்சு முடிஞ்சு ரெண்டு மாசம் என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். வக்கீல் அலுவலகத்தில் ஒரு பக்கத்தை ஆறு நிமிடத்தில் அடிப்பவர். அன்று இரண்டு பக்கத்துக்குப் பொழுது சாயும்வரை ஆனது. தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விசைகளின் மேல் படிகிற பனியை அவ்வப்போது துணியால் துடைத்துக் கொடுத்தான்.

அரைப்புள்ளி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “இதை நான் அடிச்சேன்னு தெரிஞ்சா, கம்பெனிக்காரன்,” என்று நிறுத்தினார். மூவாயிரம் பிரதியை ஒன்பதாயிரமாக அடித்தார். மடித்தார், கட்டினார், கை கழுவினார், சாயங்காலம் கதவைச் சாத்தும்போது, “வந்தா வரட்டும்,” என்று முடித்தார்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. இருட்டு விலகும் முன்பே தாள் வெளியே போய்விட்டது. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல் மரத்துப்போனது, எடுக்கவில்லை. வெளியே தெருவில் யாரோ படிக்கத் தெரியாத யாருக்கோ உரக்கப் படித்துக் காட்டும் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்கு அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தினமும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக் கிளம்புகிறவன் அன்று ‘போறேன்’ என்றான். சின்ன வயதில் அந்தச் சொல்லைச் சொன்னதற்காக அவன் வாயில் அடித்து, வரேன்னு சொல்லுடா என்று திருத்தி வளர்த்தவர் நாத்தனார். அன்று அவர் திருத்தவில்லை. சரிப்பா என்றார்.

எண்ணுகாரி அவனோடு நடந்தாள். கையில் தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, ஓரமாக விலகி வழி விட்டார்கள். ஒரு டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். பிணவறை வாசலில் ஊழியர் அவளை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார், பிறகு கூப்பிட்டார். பதிவேட்டில் பதினொரு பெயர் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அது எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை.

கிடங்கின் முப்பது புது ஆட்களும் அன்று உள்ளே போகாமல் வாசலில் தாளோடு நின்றார்கள். பூட்டை அறுத்த பிறகுதான் போனார்கள். வால்வை மாற்றுகிறோம் என்று கம்பெனி சொன்னது, மாற்றவில்லை. துடைக்க ஆள் இல்லாததால் ஒன்பதாவது நாள் அது வெடித்தது. எல்லாரும் பின்கதவு வழியாக வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்து, மறுநாள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரிய பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதினொன்று என்பது ஐந்துக்கு மேல் என்பதால் விசாரணைக் குழு அமைந்தது. மூன்று தலைவர்கள் மாறினார்கள், குழு இன்னும் விசாரிக்கிறது. மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெரிய பத்திரிகை இன்றும் நான்கு லட்சம் விற்கிறது. அதைக் குறைத்துச் சொன்னால் அது தவறான தகவல் ஆகும்.

அதன்பின் வெளியூர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். சுரங்கத்தில் மண் சரிந்து மூன்று என்று எழுதப்பட்ட இடத்திலிருந்து நிலக்கரி படிந்த ஒன்பது பேர் வந்தார்கள். பாலம் உடைந்து யாருக்கும் சேதமில்லை என்று செய்தி வந்த ஊரிலிருந்து நனைந்த தலையோடு ஒரு கல்யாணக் கூட்டமே வந்தது. அச்சக மாடியில் நீளமாக இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நாத்தனார் வக்கீல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இங்கே தட்டச்சு செய்கிறார். கூட வருகிற உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எழுதினால் போய்விடுவார்களா? போயிடுவாங்க என்று எண்ணுகாரி சொல்வாள். அதைக் கேட்டபின் உட்கார்ந்து யோசிக்கப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி. சிலர் ஒரு மணி நேரத்தில் எழுந்து வருவார்கள். ஒரு தகப்பனார் தன் மகனோடு அங்கே பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. சாப்பாடு மட்டும் ஒருவருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மாடிப்படி காலையில் ஈரமாக இருந்தால் யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அச்சக ஆட்களுக்குத் தெரியும். இன்றும் ஈரமாகத்தான் இருந்தது. தாள் கட்டுகளைச் சுவர்ப் பக்கமாக ஒதுக்கி, நனையாமல் மேலே ஏற்றினார்கள்.